அமெரிக்க வரலாற்றை எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

கோவில்பட்டிவாசி

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் பழைய புத்தகக் கடையில் ‘ஏழு தலைமுறைகள்’ கிடைத்தது. அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவலின் தமிழ் வடிவம். இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். முடித்த பிறகு தூக்கம் வரவில்லை.

நான் படித்தது வணிகவியல். அமெரிக்கா என்றால் லிங்கன், கென்னடி, இரட்டைக் கோபுரம், விசா, இவ்வளவுதான் தெரியும். இப்போது முறையாகப் படிக்க ஆசையாக இருக்கிறது. எந்த ஜனாதிபதிக்குப் பிறகு யார் வந்தார், எந்தப் போரில் யார் ஜெயித்தார் என்ற வரிசை எனக்கு வேண்டாம். சாதாரண சனங்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதைப் பாடினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று தெரிய வேண்டும். ஆங்கிலம் படிப்பேன், ஆனால் மெதுவாகத்தான். எங்கே தொடங்கலாம்?

அப்புறம் ஒன்று. ‘ஏழு தலைமுறைகள்’ நடந்த கதையா, புனைவா?

பழுப்புத்தாள்

வாங்க தம்பி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ‘ரூட்ஸ்’ வெளிவந்தது 1976-இல். அடுத்த வருடமே தொலைக்காட்சித் தொடராக வந்து அமெரிக்காவையே உட்கார வைத்தது. தன் குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கதை என்றுதான் ஹேலி சொன்னார். ஆனால் காம்பியாவிலிருந்து கடத்தப்பட்ட குண்டா கிண்டேதான் தன் முன்னோர் என்பதற்கு அவர் காட்டிய ஆதாரங்கள் நிற்கவில்லை என்று வம்சாவளி ஆய்வாளர்கள் பின்னால் எழுதினார்கள். இன்னொரு நாவலிலிருந்து சில பகுதிகளை எடுத்துவிட்டார் என்று வழக்கும் வந்தது, 1978-இல் பணம் கொடுத்து முடித்துக்கொண்டார். அதனால் அதை நாவலாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்த விஷயங்கள், அந்தக் கப்பல், ஏலம், சவுக்கு, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்பது, இவற்றுக்கு வேறு ஆயிரம் சாட்சிகள் உண்டு.

அந்த சாட்சிகளிடமே போய்விடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாறு. சின்னப் புத்தகம், மெதுவாகப் படித்தாலும் ஒரு வாரத்தில் முடியும். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோரில் எஜமானி சோஃபியா ஆல்ட் அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறாள். படிக்கத் தெரிந்தால் இவன் அடிமைக்கு லாயக்கில்லாமல் போய்விடுவான் என்று கணவன் தடுத்துவிடுகிறான். அந்த ஒரு பேச்சிலேயே சிறுவனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. இவர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதில்தான் தன் விடுதலை இருக்கிறது என்று. அப்புறம் தெருவில் பசியோடு திரியும் வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, அதற்குப் பதிலாக எழுத்துகளை வாங்கிக்கொள்கிறான். நான் இதை முதலில் படித்தபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

1838-இல் அவர் தப்பித்தார். ஆனால் எப்படித் தப்பித்தார் என்பதை அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதினால் பின்னால் வருகிறவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும் என்று காரணத்தையும் சொல்கிறார். அடிமைமுறை ஒழிந்து பல வருடம் கழித்துத்தான் அந்த விவரத்தை வெளியிட்டார்.

மூன்றாம்வரிசை

தன்வரலாறு நல்லதுதான் சார். ஆனால் தம்பி கேட்பது மொத்தச் சித்திரம். ஹோவர்ட் ஜின் எழுதிய ‘எ பீப்பிள்ஸ் ஹிஸ்டரி ஆஃப் தி யுனைட்டெட் ஸ்டேட்ஸ்’ இருக்கும்போது வேறெங்கே போவது? 1980-இல் வந்தது. கொலம்பஸ் கரையிறங்குவதைக் கப்பலிலிருந்து பார்க்காமல், கரையில் நின்ற அரவாக் மக்களின் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். அப்புறம் ஆலைத் தொழிலாளர், பெண்கள், வேலைநிறுத்தங்கள், வியட்நாம் போர் எதிர்ப்பு என்று மேலே இருப்பவர்களை விட்டுவிட்டுக் கீழே இருப்பவர்களின் கண்ணால் முழு வரலாறும் போகிறது. தம்பி கேட்டதும் இதைத்தானே.

பழுப்புத்தாள்

ஜின்னை நானும் மதிக்கிறேன். இரண்டு முறை படித்திருக்கிறேன். ஆனால் முதல் புத்தகமாக அதைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. அது ஒரு வாதம். பள்ளிப் பாடப்புத்தகம் என்ன சொன்னது என்று தெரிந்தவனுக்கு எதிர்வாதமாக நன்றாக வேலை செய்யும். தம்பிக்கு அந்தப் பாடப்புத்தகமே தெரியாது. அதோடு அதில் அடிக்குறிப்புகளும் கிடையாது, கடைசியில் நூற்பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. ஒரு வரி நம்மைத் தூக்கிப்போட்டால் அது எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து போவது சிரமம். முதலில் மனிதர்களின் குரலைக் கேட்கட்டும். மொத்தச் சித்திரத்துக்கு அப்புறம் வரலாம்.

ஆரணிமகள்

டக்ளஸைப் படித்தால் கையோடு ஹேரியட் ஜேகப்ஸையும் படித்துவிடுங்கள். ஓடத் துணிந்த ஆணின் கதை ஒன்று. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட முடியாத தாயின் கதை மற்றது.

வட கரோலினாவில் ஈடன்டன் என்ற ஊர். எஜமானனின் தொல்லையிலிருந்து தப்ப, தன் பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில் இருந்த ஒரு பொந்தில் ஒளிந்துகொள்கிறாள். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், உயரமான இடத்திலேயே மூன்றடி. நிமிர்ந்து உட்காரவும் முடியாது. ஏறக்குறைய ஏழு வருடம். பலகையில் போட்ட சின்ன ஓட்டை வழியாகக் கீழே தன் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறாள், அவர்களுக்கோ அம்மா மேலேதான் இருக்கிறாள் என்று தெரியாது. நான் என் மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

1861-இல் லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் அந்தப் புத்தகம் வந்தது. ரொம்ப காலம் ஆய்வாளர்கள் பலர் இதை யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதிய புனைகதை என்றே நினைத்தார்கள். அடிமையாக இருந்த ஒருத்தியால் இப்படி எழுத முடியுமா என்ற எண்ணம்தான். 1980-களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி எடுத்து, எழுதியது ஜேகப்ஸ்தான், அதில் உள்ள மனிதர்களும் உண்மையானவர்கள்தான் என்று நிரூபித்தார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து அவளுக்கு அவள் புத்தகம் திரும்பக் கிடைத்தது.

கோவில்பட்டிவாசி

பழுப்புத்தாள் ஐயா, ஆரணிமகள் அக்கா, இருவருக்கும் நன்றி. இரண்டையும் குறித்துக்கொண்டேன். இவை அடிமைமுறை இருந்த காலம். லிங்கன் விடுதலை கொடுத்த பிறகு என்ன ஆனது? 1865-இலிருந்து மார்ட்டின் லூதர் கிங் வரும்வரை அந்த நூறு வருடம் எனக்கு வெறும் இருட்டாக இருக்கிறது.

நெய்தல்நிலம்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசபெல் வில்கர்சன் எழுதிய ‘தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்’. 2010-இல் வந்தது. அமெரிக்காவைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். 1915-இலிருந்து 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். பெரும் இடப்பெயர்வு என்று பெயர். தலைவர் கிடையாது, மாநாடு கிடையாது, கொடி கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே முடிவெடுத்துக் கிளம்பியது.

அவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே அகதிகளைப் போல ஓடியதற்குக் காரணம் நீங்கள் கேட்ட அந்த நூறு வருடம்தான். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. பழைய எஜமானின் நிலத்திலேயே குத்தகைக்குப் பருத்தி போட்டார்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அவன் கணக்கில் கடன். வருடக் கடைசியில் கணக்குப் பார்ப்பவனும் அவன்தான். எதிர்த்துக் கேட்டால் உயிருக்கு ஆபத்து. ரயிலில் தனிப் பெட்டி, நீதிமன்றத்தில் சத்தியம் செய்யத் தனி பைபிள். இதெல்லாம் போதாதென்று பருத்தியில் காய்வண்டு விழுந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஐரோப்பாவிலிருந்து தொழிலாளர் வருவது நின்றுபோக, வடக்கத்தி ஆலைகள் தெற்கே ஆள் தேட ஆரம்பித்தன. ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பினப் பத்திரிகையை ரயிலில் வேலை செய்த போர்ட்டர்கள் ரகசியமாகத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள்.

வில்கர்சன் 1,200 பேருக்கு மேல் பேட்டி கண்டார், புத்தகத்துக்கு 15 வருடம் ஆனது. கடைசியில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களோடு நம்மைப் பயணம் போகவைக்கிறார். மிசிசிப்பியில் பருத்தி பறித்த ஐடா மே கிளாட்னி. அவர் கணவரின் உறவுக்காரப் பையன் மீது வான்கோழி திருடியதாகப் பழி போட்டு, சாகும் அளவுக்கு அடித்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த வான்கோழிகள் தானாகவே திரும்பி வந்துவிடுகின்றன. அன்றோடு அந்தக் குடும்பம் முடிவெடுக்கிறது, 1937-இல் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாமவர் ஃபுளோரிடாவில் ஆரஞ்சு பறிப்பவர்களுக்குக் கூலி உயர்த்திக் கேட்ட ஜார்ஜ் ஸ்டார்லிங். தன்னைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிறார்கள் என்று தெரிந்து 1945-இல் நியூயார்க்குக்கு ரயிலேறுகிறார். அப்புறம் வாழ்நாள் முழுக்க அதே தடத்து ரயிலிலேயே வேலை. தன்னைப் போலத் தப்பி வருகிறவர்களின் மூட்டைகளைத் தூக்கி வைக்கிறார்.

மூன்றாமவர் லூசியானாவைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் ஃபாஸ்டர். ராணுவத்தில் அறுவை சிகிச்சை செய்தவர், ஆனால் சொந்த ஊர் மருத்துவமனையில் கத்தியைத் தொட முடியாது. 1953-இல் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போகிறார். தெற்கைத் தாண்டிவிட்டோம், இனி எங்கும் படுக்க இடம் கிடைக்கும் என்று நம்புகிறார். அரிசோனா பாலைவனத்தில், ராத்திரியில், ஒரு விடுதிக்குப் பிறகு இன்னொரு விடுதியாக இடமில்லை என்கிறார்கள். கடைசியில் ஒரு தம்பதி வெளியே வந்து அவரிடம் பேசுகிறார்கள். நாங்கள் இல்லினாயிலிருந்து வந்தவர்கள், இங்கே இருப்பவர்களின் எண்ணம் எங்களுக்கில்லை, ஆனால் உங்களுக்கு இடம் கொடுத்தால் மற்ற விடுதிக்காரர்கள் எங்களை ஒதுக்கிவைத்துவிடுவார்கள் என்கிறார்கள். நல்லவர்கள்தான். ஆனாலும் கதவு திறக்கவில்லை. பாலைவன இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் அந்தப் பக்கங்களை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது ஜேக்கப் லாரன்ஸின் ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மா அப்பாவே தெற்கிலிருந்து வந்தவர்கள். 1940, 41-இல், இருபத்து மூன்று வயதில், இந்த இடப்பெயர்வை 60 சின்னப் பலகைகளில் வரைந்தார். ஹார்லெம் நூலகத்தில் உட்கார்ந்து படித்து, முதலில் வாசகங்களை எழுதினார், அப்புறம் படம். அறுபது பலகையையும் வரிசையாகப் பரப்பிவைத்து, ஒரு நிறத்தை எல்லாவற்றிலும் பூசி முடித்த பிறகுதான் அடுத்த நிறத்தைத் தொட்டார். அதனால்தான் முதல் படத்தின் மஞ்சளும் கடைசிப் படத்தின் மஞ்சளும் ஒன்றாக இருக்கும். கும்பல் கொலையைப் பற்றிய படத்தில் உடல் இருக்காது. ஒரு மொட்டைக் கிளை, தொங்கும் சுருக்குக் கயிறு, கீழே குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு உருவம், அவ்வளவுதான். ஒற்றைப்படை எண் படங்கள் வாஷிங்டனில் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனிலும், இரட்டைப்படை எண் படங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அறுபதையும் இணையத்தில் பார்க்கலாம்.

மூன்றாம்வரிசை

நெய்தல், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சந்தேகம். 60 லட்சம் பேரின் வரலாற்றை மூன்று பேர் கதையாகச் சொன்னால் அது நாவல் மாதிரி ஆகிவிடாதா? தப்பித்து ஜெயித்தவர்கள் மட்டும்தானே பேட்டி கொடுக்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

நெய்தல்நிலம்

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மூன்று பேரும் ஜெயித்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஜார்ஜ் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர், கடைசிவரை பெட்டி தூக்கினார். ராபர்ட் ஃபாஸ்டருக்குப் பணமும் பெயரும் வந்தன, ரே சார்ல்ஸுக்கே மருத்துவராக இருந்தார். ஆனாலும் சூதாட்டத்திலிருந்தும் யாரோ தன்னை ஒதுக்குகிறார்கள் என்ற நினைப்பிலிருந்தும் அவரால் மீள முடியவில்லை. மூன்று பேரில் படிப்பும் பணமும் குறைவாக இருந்த ஐடா மேதான் மனநிறைவோடு வாழ்ந்தவராகத் தெரிகிறார். அதோடு ஒவ்வொரு பயணத்துக்கும் நடுவே மக்கள்தொகைக் கணக்கு, கூலி, வீட்டு வாடகை, பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் வைத்துத்தான் எழுதுகிறார். வடக்கே போனவர்கள் சோம்பேறிகள், குடும்பம் குலைந்தவர்கள் என்று அந்தக் காலத்தில் எழுதினார்களே, அதைக் கணக்கோடு மறுக்கிறார். போனவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள், சேர்ந்து வாழ்ந்த குடும்பங்கள். ஜின்னிடம் வாதம் முதலில் வருகிறது, மனிதர்கள் அதற்குச் சாட்சியாக வருகிறார்கள். இவரிடம் மனிதர்கள் முதலில்.

ஏரிக்கரை

நான் சிகாகோவுக்குப் பக்கத்தில் 11 வருடமாக இருக்கிறேன். நெய்தல் சொன்ன புத்தகத்தை இங்கே வந்து நான்காவது வருடம்தான் படித்தேன். அதுவரை இந்த ஊரின் தெற்குப் பகுதியைப் பற்றி எனக்கு முன்னால் வந்தவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று, ‘அந்தப் பக்கம் போகாதே’. நானும் அதைப் புதிதாக வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

ஐடா மே போன்றவர்கள் சிகாகோவுக்கு வந்து இறங்கிய பிறகு என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள ரிச்சர்ட் ராத்ஸ்டீனின் ‘தி கலர் ஆஃப் லா’ படியுங்கள். 2017-இல் வந்தது. கறுப்பினத்தவர் தனியாகக் குடியிருப்பது தானாக நடந்த விஷயம், அவரவர் விருப்பம் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். அது அரசாங்கமே சட்டம் போட்டு, விதி எழுதி, வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுச் செய்த வேலை என்று ராத்ஸ்டீன் ஒவ்வொரு ஆவணமாக எடுத்து வைக்கிறார். கறுப்பினத்தவர் குடியிருக்கும் பகுதியிலோ அதை ஒட்டியோ வீடு கட்டினால் மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்கு உத்தரவாதம் தராது. டெட்ராய்ட்டில் வெள்ளையர் குடியிருப்பு கட்ட வந்த ஒருவருக்கு இதனால் கடன் கிடைக்கவில்லை. அவர் 1941-இல் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பிப் பக்கத்துக் கறுப்பினத் தெருவைப் பிரித்தார், அப்புறம் உத்தரவாதம் கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் பாட்டியின் பழைய வீட்டுப் பத்திரத்தைக் காட்டினார். வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர் மட்டும் விதிவிலக்கு என்று அதில் அச்சாகியிருந்தது. அந்த வரியின்படி பார்த்தால் நானும் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. 1948-இல் இப்படிப்பட்ட விதிகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது, அதுவும் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அடுத்த வாரம். இரண்டு வருடம் முன்னால் இதே சிகாகோவில், இதே வீட்டுப் பிரச்சினைக்காக அவர் ஊர்வலம் போனபோதுதான் தலையில் கல் பட்டு விழுந்தார்.

அப்புறம் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். நாம் இத்தனை பேர் இந்த நாட்டுக்குள் வர முடிந்தது 1965-இன் குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முன்னால் இந்தியாவுக்கு வருடத்துக்கு நூறு பேர் என்ற அளவில்தான் ஒதுக்கீடு இருந்தது. அந்தச் சட்டம் வந்தது நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு அடுத்த வருடம். தெருவில் இறங்கி அடிவாங்கியவர்கள் இந்த மக்கள்தான். இதை என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆரணிமகள்

ஏரிக்கரை, நீங்கள் எழுதியதைப் படித்ததும் லோரெய்ன் ஹான்ஸ்பெர்ரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நினைவுக்கு வந்தது. 1959-இல் பிராட்வேயில் ஏறிய நாடகம். சிகாகோவின் நெருக்கடியான குடியிருப்பில் இருக்கும் ஒரு கறுப்பினக் குடும்பம், அப்பாவின் காப்பீட்டுப் பணத்தில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்க நினைக்கிறது. ஹான்ஸ்பெர்ரியின் அப்பாவே இப்படி ஒரு வீடு வாங்கி உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி 1940-இல் ஜெயித்தவர். நாடகம் என்பதால் எல்லாம் பேச்சுமொழி. மெதுவாகப் படிப்பவர்களுக்குச் சுலபம் தம்பி.

பழுப்புத்தாள்

கடைசியாக ஒன்று சொல்கிறேன், இதற்குக் காசு வேண்டாம். 1930-களின் பெருமந்தத்தில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசு சம்பளம் கொடுத்து வேலை வாங்கியது. ஃபெடரல் ரைட்டர்ஸ் பிராஜெக்ட் என்று பெயர். ரிச்சர்ட் ரைட், ரால்ஃப் எலிசன், ஜோரா நீல் ஹர்ஸ்டன் எல்லோரும் அதில் வேலை பார்த்தவர்கள். அதன் ஒரு பகுதியாக 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக இருந்து அப்போதும் உயிரோடு இருந்த முதியவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார்கள். 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம்.

ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியிடம் இரண்டு பேர் தனித்தனியாகப் பேட்டி எடுத்தார்கள். வெள்ளைக்காரப் பெண் கேட்டபோது எஜமான் நல்லவர் என்கிறார். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்த பெண் என்று அவர் நினைத்துக்கொண்டார். கறுப்பினத்தவர் ஒருவர் போய்க் கேட்டபோது அதே வாய் சவுக்கடியையும், தாய் கதறக் கதறப் பிள்ளையை விற்றதையும் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப்பாருங்கள். யாரிடம் எதைச் சொல்ல முடியும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

இவை தவிர, அடிமைகளாக இருந்த சிலரின் பேச்சு ஒலிப்பதிவாகவே இருக்கிறது. 1949-இல் பால்டிமோரில் பதிவான ஃபவுண்டன் ஹியூஸ் என்பவரின் குரலைக் கட்டாயம் கேளுங்கள்.

கோவில்பட்டிவாசி

நேற்று ராத்திரி அந்த ஒலிப்பதிவைக் கேட்டேன். பாதி உச்சரிப்பு பிடிபடவில்லை, எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை கேட்டேன். தனக்கு 101 வயது என்கிறார். தன் தாத்தா தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்தவர் என்கிறார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அதே ஜெஃபர்சன். ‘சொந்தம்’ என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார், நான் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கட்டில் கிடையாது, தரையில் விரித்துப் படுத்தோம் என்கிறார். கையில் காசு சேரும்வரை காத்திருந்து வாங்கு, கடனுக்கு வாங்காதே என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்கிறார். மறுபடி அடிமையாக வேண்டும் என்றால் துப்பாக்கியை எடுத்து முடித்துக்கொள்வேன் என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, சந்தை நிலவரம் சொல்கிற குரலில் சொல்கிறார்.

வில்கர்சன் புத்தகத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், வரப் பத்து நாள் ஆகுமாம். அதுவரை டக்ளஸ். செல்போனிலேயே படிக்கிறேன், ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம். ரொட்டி கொடுத்து எழுத்து வாங்கும் இடத்துக்கு இன்று காலையில்தான் வந்தேன்.